வெத்திலை உரல்ல இடிச்ச மாத்திரை

பார்மகாலஜியில நான்தான் காலேஜ் ஃபர்ஸ்ட். இதை யாராவது பெருமையாச் சொன்னா எனக்கு இன்னைக்கும் பத்திக்கினு வரும். கள்ளக்குறிச்சிக்கு வெளிய, கரும்புக் கொல்லைக்கு நடுவுல, மூணு மாடிக் கட்டடம் ஒண்ணைக் கட்டி நர்சிங் காலேஜுன்னு போர்டு மாட்டியிருந்தாங்க. அதுல ஃபர்ஸ்ட் வர்றது பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. பக்கத்துல உக்காந்திருக்கறவ தூங்கறப்ப நாம முழிச்சிக்கினு இருந்தாப் போதும். அந்தக் காலேஜ் பேரை நான் சொல்ல மாட்டேன். திட்டிச் சொன்னாலும் அது அவங்களுக்கு விளம்பரம்தான்.

மருந்துப் பாடம் எடுக்க ஒரு சார் வந்தாரு. மருந்தைப் பத்திச் சொல்லித்தர்ற மனுஷன் ஒரு மாத்திரையையாவது கிளாசுக்குக் கொண்டாந்து காட்டியிருப்பாரா? மூச். கையில ஒரு கைடு இருக்கும். எந்தக் கைடுன்னு எங்களுக்குத் தெரியக் கூடாதாம், நியூஸ் பேப்பர்ல அட்டை போட்டு மூடியிருப்பாரு. எங்க ஒவ்வொருத்தி பையிலயும் அதே கைடுதான் இருந்துச்சு. அவரு ஒரு வரி படிப்பாரு, நாங்க ஒரு வரி எழுதுவோம். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சேத்துப் படிப்பாரு. தலைப்புக்குக் கீழ செவப்பு மையில ரெண்டு கோடு இருக்கணும். ஒரு கோடுதான் இருந்துச்சுன்னா ரெக்கார்டு நோட்டு பறந்து வந்து மடியில விழும்.

மருந்து உடம்புக்குள்ள போனா இன்னா ஆவுது? குடல்லேர்ந்து ரத்தத்துல ஏறும், ரத்தத்தோட உடம்பு பூரா சுத்தும், ஈரல்ல உருமாறும், பெரும்பாலும் மூத்திரத்துல வெளிய போயிடும். அவ்ளோதான் சமாச்சாரம். கள்ளக்குறிச்சியில டவுன் பஸ் ஏறி கச்சிராயபாளையத்துல இறங்கறதுக்குள்ள யாருக்கு வேணா புரிய வெச்சிடலாம். சார் அதுக்கு மூணு வாரம் எடுத்துக்கிட்டாரு. அப்சார்ப்ஷன், டிஸ்ட்ரிப்யூஷன், மெட்டபாலிசம், எக்ஸ்கிரீஷன்னு அறுவது பொண்ணுங்க வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி கத்துவோம். ஒரு நாள் கடைசி பெஞ்சுல இருந்து ஒருத்தி எழுந்து கேட்டா: "சார், ஒரு மருந்துல பாதி ஆறு மணி நேரத்துல வெளிய போவுதுன்னா, மீதிப் பாதியும் அடுத்த ஆறு மணி நேரத்துல போயிடுமா?" எவ்ளோ நியாயமான கேள்வி! சார் அவளை ஏற இறங்கப் பாத்துட்டு, "சிலபஸ்ல இல்லாததைக் கேக்காத, உக்காரு"ன்னாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். மீதியில பாதிதான் போவும், அதுல மீதியில பாதி அதுக்கப்புறம் போவும்னு எனக்குத் தெரிஞ்சது வேலைக்குப் போயி ரெண்டு வருஷம் கழிச்சு.

அதே சார்தான் ரிடார்ட் மாத்திரைக்கும் டிக்டேஷன் குடுத்தாரு. ரெண்டு மார்க் கேள்வி. மருந்தை ரொம்ப நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடற மாதிரி செஞ்ச மாத்திரை, இதை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. இங்கிலீஷ்ல ரெண்டு வரி. நான் 'மெல்ல'ங்கற வார்த்தையை விட்டுட்டேன்னு பத்து தடவை இம்போசிஷன் எழுத வெச்சாரு. ஏன் பொடிக்கக் கூடாதுன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. எனக்கு ஊரு கச்சிராயபாளையம், கோமுகி டேமுக்குக் கீழ. மதகைக் கொஞ்சமாத் தூக்கி வாய்க்கால்ல விட்டா கரும்புக்குப் பத்து நாளைக்குத் தண்ணி பாயும். அத்தனையையும் ஒரே மூச்சுல திறந்துவுட்டா கரும்பும் மிஞ்சாது, வரப்பும் மிஞ்சாது. ரிடார்ட் மாத்திரையைப் பொடிச்சா அதான் நடக்கும். டேமைப் பாத்துக்கினே வளந்தவளுக்கு அது தோணலை. தோணறதுக்கு மார்க் கிடையாது பாருங்க.

காலேஜோட சேந்தே ஒரு ஆஸ்பத்திரி. நாப்பது கட்டில் போட்டு ஒரு ஜெனரல் வார்டு. எங்களுக்கு பிராக்டிகல் அங்கதான். அந்த வார்டுல ஒரு சிஸ்டர் இருந்தாங்க. அவங்க கெட்டிக்காரத்தனத்தைப் பத்தி ஒரு நோட்டு எழுதலாம், எல்லாமே வேலையைச் சுருக்கற கெட்டிக்காரத்தனம். ஒம்போது மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு. அதுக்குள்ள எல்லாருக்கும் மாத்திரை குடுத்து முடிச்சிருக்கணும். வயசானதுங்க ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு டம்ளர் தண்ணி, ஒரு இருமல், ஒரு பேச்சுன்னு இழுத்துக்கினு கிடக்கும். அதுக்கு சிஸ்டர் ஒரு வழி கண்டுபுடிச்சி வெச்சிருந்தாங்க. யாரோ ஒரு கிழவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போறப்ப வெத்திலை இடிக்கற சின்ன இரும்பு உரலை மறந்து விட்டுட்டுப் போயிட்டாரு. அதைக் கழுவி, மாத்திரை டிரேயில வெச்சாங்க. கேஸ் ஷீட்டுல வயசு அறுவதைத் தாண்டியிருந்தா, காலை மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு இடிச்சி, தண்ணியில கலக்கி, ஒரே மடக்கு. முழுங்க முடியுமா முடியாதான்னு யாரும் கேக்கறது இல்லை. அறுவதா, இடி. இதுதான் வார்டு சட்டம்.

இடிக்கற வேலை ஸ்டூடண்டுங்களுக்கு. அதுலயும் நான்தான் ஃபர்ஸ்ட்! நாலு கட்டிலுக்கு அடுத்தடுத்து இடிச்சி, நடுவுல உரலை ஒரு தொடை தொடச்சி, அஞ்சு நிமிஷத்துல முடிப்பேன். சிஸ்டர் மத்த பொண்ணுங்க கிட்ட, "இவளைப் பாத்துக் கத்துக்குங்கடி"ம்பாங்க. எனக்குத் தலை கால் புரியாது.

அந்த மாசம் காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன். கட்டில்ல ஆள் இல்லைன்னா குறைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அதனால மலைக்கு வேன் அனுப்பி இலவச முகாம் போட்டாங்க. கரியாலூருக்கு அந்தாண்ட இருக்கற ஒரு ஊருலேர்ந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு அந்த வேன்ல வந்து இறங்கினாங்க. அந்த ஆளுக்கு ரத்தக் கொதிப்பு இருந்துச்சு, அது நிஜம். நூத்தித் தொண்ணூறு. ஆனா ஆளு நல்லாத்தான் இருந்தாரு. வேன்ல இருந்து குதிச்சி இறங்கி, மூட்டையைத் தோள்ல போட்டுக்கினு மாடி ஏறினாரு. நாலு நாள்ல அனுப்பிடுவோம்னு முகாம்ல சொல்லிக் கூட்டியாந்திருக்காங்க. கொல்லையில சாமை அறுப்புக்கு நிக்குதுன்னு அந்தம்மா வந்ததுலேர்ந்து சொல்லிக்கினே இருந்துச்சு. "இவுரு இல்லைன்னா அறுக்க ஆளு இல்ல பாப்பா. எங்களுக்கு வேற யாரும் இல்ல."

கேஸ் ஷீட் எழுதினது நான். "வயசு இன்னா?"ன்னு கேட்டேன்.

"தெரியாதும்மா. கீழ டேம் கட்டி முடிச்ச வருசம் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்"ன்னாரு அந்த ஆளு.

எனக்குச் சிரிப்பு. வயசு கூடத் தெரியாத ஜனமாடா சாமின்னு. தலை பூரா நரைச்சிருந்துச்சு, கன்னம் ஒட்டியிருந்துச்சு. அறுவத்தஞ்சுன்னு எழுதிட்டேன். இதுல கேவலம் இன்னான்னா, எங்கப்பாவும் அந்த டேம் கட்டி முடிச்ச வருஷம் பொறந்தவருதான். எங்க வூட்டுல அதை ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கேன். எங்கப்பாவுக்கு அப்போ அறுவது ஆவலை. அந்த மலைக்காரருக்கும் ஆகியிருக்காது. ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா அந்த ஆளு உரல் பக்கமே வந்திருக்க மாட்டாரு. யோசிக்கலை. அவரு சொன்னதை நான் ஒரு பதிலாவே எடுத்துக்கலை.

அன்னைக்குச் சாயங்காலம் டாக்டர் பாத்துட்டு, கொதிப்பைக் குறைக்க நிஃபெடிபின் ரிடார்ட் எழுதினாரு. முதல் மாத்திரையை அவரு முன்னாடியே குடுத்தாங்க. கட்டிலைத் தாண்டிப் போற போக்குல, அந்தம்மா கிட்ட, "இதை முழுசா முழுங்கணும்மா, கடிக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அவ்ளோதான், ஒரு வாட்டி.

மறுநாள் காலையில நான் டிரேயோட வந்தேன். அன்னைக்கு நான் செம குஷியில இருந்தேன். முந்தின நாள்தான் இன்டர்னல் பேப்பர் குடுத்திருந்தாங்க. ரிடார்ட் கேள்விக்கு ரெண்டுக்கு ரெண்டு. அந்தப் பேப்பர் என் பையிலயே இருந்துச்சு. கேஸ் ஷீட்டைப் பாத்தேன், அறுவத்தஞ்சு. மாத்திரையைப் பிரிச்சி உரல்ல போட்டேன். அட்டையில ரிடார்ட்ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்ததைக் கிழிச்சவளும் நான்தான்.

"பாப்பா, அதை இடிக்காத"ன்னு அந்தம்மா கட்டில்லேர்ந்து எழுந்து வந்துச்சு. "டாக்டரு முழுசா முழுங்கச் சொன்னாரு. இவுரு நல்லா முழுங்குவாரு. நேத்து முழுங்குனாரே."

"ஏம்மா, நீ படிச்சியா, நான் படிச்சனா? உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். தள்ளு அந்தாண்ட."

நான் சொன்ன அதே வார்த்தை இது. ஒரு எழுத்து மாத்தலை. சிஸ்டர் கூட மேசையில இருந்து, "மலையில இருந்து வந்து நமக்கே கிளாஸ் எடுக்குதுங்க"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சிக்கினே இடிச்சேன். அந்த ஆளு பொண்டாட்டி முகத்தையும் என் முகத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் என் வெள்ளைக் கோட்டைப் பாத்தாரு போல, வாங்கிக் குடிச்சிட்டாரு.

அரை மணி நேரம் கூட ஆவலை. பாத்ரூம் போகலாம்னு எழுந்தவரு ரெண்டு அடி வெச்சி, சுவத்தைப் புடிக்கப் பாத்து, அப்படியே சரிஞ்சிட்டாரு. முகம் செவந்து போயி, மேலெல்லாம் வேர்த்துக் கொட்டுது. நாடியைப் புடிச்சா மெல்லிசா, குடுகுடுன்னு ஓடுது. பிரஷர் எழுபது. அந்தம்மா போட்ட கூச்சல்ல மொத்த வார்டும் எழுந்து நின்னுச்சு. "இதுக்கா மலையில இருந்து இட்டாந்தீங்க? எங்க ஆளை எனக்குக் குடுத்துடுங்க!"

அப்போ சிஸ்டர் வாயிலேர்ந்து வந்த முதல் வார்த்தை இன்னா தெரியுமா? சலைன் போடுன்னு இல்லை. காலைத் தூக்கி வையின்னு இல்லை. "உரலை எடுத்து உள்ள வை!"

எடுத்து வெச்சேன். தூ! எழுதறப்பவே எனக்கு என் மேல காறித் துப்பணும் போல இருக்கு. கீழ ஒரு ஆளு சாகக் கிடக்கறாரு, நான் ஒரு வெத்திலை உரலைத் துணியில சுத்திக்கினு ஸ்டோர் ரூமுக்கு ஓடறேன். திரும்பி வர்றப்ப சிஸ்டர் என் காதுகிட்ட, "இடிச்சதைச் சொல்லாத. வயசான ஆளு, மயக்கம் வந்துச்சு. அவ்ளோதான்"ன்னாங்க. சலைன் ஏறிக்கினு இருந்துச்சு, காலுக்குத் தலைகாணி வெச்சிருந்தாங்க. அதை எல்லாம் செஞ்சது கூட வந்த இன்னொரு ஸ்டூடண்ட். அன்னைக்கு மீதிப் பாதி மருந்தும் போயிடுமான்னு கேட்டதுக்கு நாங்க சிரிச்சோமே, அவதான்.

டாக்டர் ஓடி வந்தாரு. "காலையில இன்னா குடுத்தீங்க?"

சிஸ்டர், "நிஃபெடிபின்தான் சார், நீங்க எழுதினது"ன்னாங்க.

"ஒண்ணு தானே? ஒண்ணுக்கு பிரஷர் இப்படி எறங்காதே. ரெண்டு தடவை போட்டீங்களா? வேற ஏதாவது?"

அவரு கேக்கறது எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சிச்சு. விஷயம் தெரிஞ்சாத்தான் அடுத்து எதைப் பண்றதுன்னு முடிவு பண்ண முடியும். சொல்லணும். வாயைத் தொறந்தா போதும். நான் செவுத்தைப் பாத்துக்கினு நின்னேன். பிரஷர் அறுவத்தஞ்சு ஆச்சு.

அந்தம்மாதான் சொல்லிச்சு. அழுகையை நிறுத்திட்டு, டாக்டர் முன்னாடி வந்து நின்னு, தெளிவா: "இடிச்சிக் குடுத்துச்சிங்க இந்தப் பாப்பா. நேத்து முழுசாத் தந்தாங்க, ஒண்ணும் ஆவுல. இன்னிக்கி வெத்தல ஒரல்ல இடிச்சிக் குடுத்துச்சி. நான் வேணான்னேன்."

டாக்டர் சட்டுன்னு திரும்பி, அந்த மருந்தோட வேகத்தை முறிக்க கால்சியம் ஊசி கொண்டு வரச் சொன்னாரு. இன்னொரு பாட்டில் சலைனை ஃபுல்லாத் திறக்கச் சொன்னாரு. இன்னும் நாலு மணி நேரத்துக்கு யாரும் இந்தக் கட்டிலை விட்டு நகரக் கூடாதுன்னாரு. ஊசியை மெதுவா ஏத்தி முடிச்ச பிறகுதான் என் பக்கம் திரும்பினாரு.

"ரிடார்ட்டையா இடிச்ச? ரிடார்ட்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?"

தெரியாதுன்னு சொல்லியிருந்தாக் கூடப் பரவால்லை. நான் ஒப்பிச்சேன். கை ரெண்டையும் கட்டிக்கினு, நிமிந்து நின்னு, இங்கிலீஷ்ல, சார் குடுத்த ரெண்டு வரியை ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சேன். உடைக்கவோ, மெல்லவோ, பொடிக்கவோ. 'மெல்ல'வைக் கூட விடலை. என் வாயில இருந்து வர்றது எனக்கே கேக்குது, நிறுத்தத் தெரியலை. டாக்டர் என்னைத் திட்டலை. கட்டில் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

சாயங்காலத்துக்கு பிரஷர் நூத்திப் பத்துக்கு ஏறுச்சு. அந்த ஆளு கண்ணைத் தொறந்து முதல்ல கேட்டது சாமையை யாராவது அறுத்தாங்களான்னு. அந்தம்மா அவரு நெஞ்சுல கையை வெச்சபடி, "நீ எழுந்து வந்து அறு"ன்னுச்சு. நான் பாத்ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கினு வாயில துப்பட்டாவை அடைச்சி அழுதேன். பயத்துல அழுதேனா, அவரு பொழைச்சதுக்கு அழுதேனான்னு கேட்டா, பாதி பயந்தான். பொய் சொல்ல மாட்டேன்.

அதுக்கப்புறம் நடந்த கூத்தையும் கேளுங்க. காலேஜுல ஒரு விசாரணை. டாக்டரையோ அந்தம்மாவையோ யாரும் கூப்பிட்டுக் கேக்கலை. கேஸ் ஷீட்டைப் பாத்தாங்க, அறுவத்தஞ்சுன்னு இருந்துச்சு, வயோதிகத்தால் மயக்கம்னு எழுதி முடிச்சிட்டாங்க. நான் கண்ணை மூடிக்கினு எழுதின நம்பர் எல்லாரையும் காப்பாத்திச்சு. சார் கிளாசுக்கு வந்து, "நம்ம ஆஸ்பத்திரியிலேயே ஒரு இன்சிடெண்ட் நடந்துபோச்சு. அதனால யூனிவர்சிட்டியில இந்தக் கேள்வி வந்தா நல்லா எழுதிடுங்க, முக்கியமான கேள்வி"ன்னு சொல்லி ஸ்டார் போடச் சொன்னாரு. அறுவது பேனா ஸ்டார் போட்டுச்சு. மூணாம் நாள் காலையில உரல் மறுபடியும் டிரேயில இருந்துச்சு, நல்லா பளபளன்னு வெளக்கி வெச்சிருந்தாங்க.

அவங்களை டிஸ்சார்ஜ் பண்ணதும் அந்த மூணாம் நாள்தான். இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிட்டதால திரும்பிப் போக வேன் இல்லை, பஸ்ல போங்கன்னுட்டாங்க. மாத்திரைப் பையைக் குடுத்து விளக்கிச் சொல்றதும் ஸ்டூடண்ட் வேலை. சிஸ்டர் வேணும்னேதான் என்னை அனுப்பினாங்களோ, இல்லை மறந்தே போச்சோ தெரியாது. நான் போயி கட்டில் பக்கத்துல நின்னேன். மாத்திரைப் பையைக் கட்டில் மேல வெச்சேன்.

அந்தம்மா மூட்டையைக் கட்டிக்கினே கேட்டுச்சு: "பாப்பா, உனக்குப் பரிச்ச இருக்குதா?"

"இருக்குதும்மா."

"பாஸ் பண்ணிடுவியா?"

அதுல குத்தல் இல்லை. நிஜமாத்தான் கேட்டுச்சு, எங்கம்மா கேக்கற மாதிரி. "நான்தாம்மா ஃபர்ஸ்ட் மார்க்"ன்னேன். சொன்ன உடனே நாக்கைக் கடிச்சிக்கலாம் போல இருந்துச்சு.

அந்தம்மா என் பக்கம் திரும்பிச்சு. மூட்டையைக் கீழ வெச்சிச்சு. அட்டையில இருந்த ஒரு மாத்திரையை விரலால தொட்டுக் காட்டி, "அப்ப சொல்லு. இதை எப்பிடிக் குடுக்கணும்?"

"முழுசா முழுங்கணும்மா."

"அப்புறம்?"

"கடிக்கக் கூடாது. ஒடைக்கக் கூடாது." அட்டையை எடுத்து அந்தம்மா கையில வெச்சேன். "இடிக்கக் கூடாது."

அந்த ஆளு சட்டை பொத்தானைப் போட்டுக்கினே, "வுடு, போதும். பஸ் போயிடும்"ன்னாரு. அந்தம்மா அவரைக் கண்டுக்கலை. எதுத்த கட்டிலைத் திரும்பிப் பாத்துச்சு. அங்க ஒரு பெரியவர் பொக்கை வாயைத் தொறந்தபடி தூங்கிக்கினு இருந்தாரு. டிரேயில இருந்த உரலையும் ஒரு பார்வை பாத்துச்சு.

"நாளைக்கு அவுருக்கும் நீதான குடுக்கப் போற"ன்னுச்சு. "இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.